தக்க கருவியைத் தேர்தல்

ஒரு தொழிலைச் செம்மையாகச் செய்து முடிப்பதற்குக் கைத்திறன் வேண்டும், காலம் வேண்டும், அவற்றோடு தக்க கருவியும் வேண்டும். நெல் அறுக்க அரிவாள் உதவும். மரம் பிளக்கக் கோடரி உதவும். அரிவாளைக் கொண்டு மரம் பிளக்க முற்படுவோனுக்குக் கையும் நோகும், அரிவாளும் மழுங்கும். கோடரியைக் கொண்டு நெல்லறுக்கப் புகுவோனைக் கண்டு ஊரே நகைக்கும். கருவியின் பெருமை அதன் விலையில் இல்லை. அது வினைக்குப் பொருந்துவதில் இருக்கிறது. இந்தப் பழைய உண்மை வயலுக்கும் பட்டறைக்கும் மட்டும் உரியதன்று. இன்று இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட கணினிக்கும் அது பொருந்துவதே ஆகும்.

இக்காலத்தில் அசையும் படம் எடுப்பது எளிதாகிவிட்டது. கையில் உள்ள செல்பேசியே ஒளிப்படக் கருவியாகப் பயன்படுகிறது. குழந்தையின் முதல் நடை, பள்ளி ஆண்டுவிழா, மணவிழா, முதியோரின் பேச்சு ஆகிய யாவும் பதிவாகின்றன. ஆயினும், பதிவானவை யாவும் பயன்படுவதில்லை. அவை களத்தில் குவித்த நெல்லைப் போலக் கிடக்கின்றன. குவித்த நெல்லைத் தூற்றிப் பதரை நீக்கினாலன்றி அது உணவாவதில்லை. அதுபோலவே, எடுத்த காட்சிகளுள் வேண்டாதவற்றை நீக்கி, வேண்டியவற்றை முறைப்படுத்தி, ஒலியைச் செப்பம் செய்து, தலைப்பெழுத்துகளைச் சேர்த்தால்தான் அவை பிறர் அமர்ந்து பார்க்கத்தக்க படமாகும். இப்பணியே படத்தொகுப்பு எனப்படும். எடிட்டிங் என்று உலக வழக்கில் கூறுவதும் இதனையே ஆகும்.

படத்தொகுப்பு ஒரு காலத்தில் செல்வர்க்கும் பெரு நிறுவனங்களுக்கும் மட்டுமே கைகூடிய கலையாக இருந்தது. தொடக்கத்தில் படச்சுருளைக் கத்தரியால் வெட்டிப் பசையால் ஒட்டினர். 1924-ஆம் ஆண்டில் ஐவன் செர்ரூரியர் என்பார் அமைத்த மூவியோலா என்னும் பொறி, தொகுப்பாளர் படத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வெட்டுவதற்கு உதவியது. 1956-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் காட்சிகளைக் காந்த நாடாவில் பதியும் பொறியை வெளியிட்டது. அதன் விலை ஏறத்தாழ 50,000 டாலர் ஆகும். 1971-இல் தோன்றிய சி.எம்.எக்ஸ். 600 என்னும் கணினிக் கருவி, நாடாவை வெட்டாமலேயே காட்சிகளை விரும்பிய வரிசையில் அமைக்கும் வழியைக் காட்டியது. அதன் விலையோ ஏறத்தாழ 2,50,000 டாலர். இத்தகைய கருவியை ஓர் எளிய குடும்பம் கனவிலும் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

பின்னர் நிலைமை விரைந்து மாறியது. 1991-இல் அடோபி நிறுவனம் பிரீமியர் என்னும் தொகுப்பு மென்பொருளை வெளியிட்டது. 1999-இல் ஆப்பிள் நிறுவனம் ஐமூவி என்னும் எளிய மென்பொருளை வீட்டுக் கணினிக்கென்றே அளித்தது. மாளிகையில் இருந்த கலை இவ்வாறு குடிசைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், கருவிகள் பெருகியபோது குழப்பமும் உடன் பெருகிற்று. எதனை வாங்குவது, எதனை விடுவது என்னும் ஐயம் எழுந்தது. பொருள் குறைந்த இல்லத்தில் இவ்வையம் சிறிதன்று. தவறான தேர்வினால் பணம் மட்டுமா போகும்? காலமும் ஊக்கமும் போகும். சில வேளைகளில் மீண்டும் பெற முடியாத காட்சிகளும் போய்விடும்.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’, ‘வலியறிதல்’ என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்குக் கூறிய அந்நெறி, கணினியின் முன் அமரும் மாணவர்க்கும் ஏற்றதே. செய்யவிருக்கும் வினை யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதனைச் செய்வதற்குத் தம்மிடம் உள்ள வலிமை எவ்வளவு என்பதை அடுத்து அறிய வேண்டும். இவ்விரண்டும் தெளிந்த பின்னரே கடையை நோக்கி நடத்தல் வேண்டும். உலகில் பலரும் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். முதலில் பெயர்பெற்ற மென்பொருளை நாடுகின்றனர். பின்பு அதனைத் தாங்கும் கணினியைத் தேடுகின்றனர். இறுதியில், அதனைக் கொண்டு என்ன செய்வது என்று எண்ணுகின்றனர்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் உழவர் குடும்பம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாம். அவ்வீட்டுப் பாட்டியார் நடவுப் பாட்டுப் பாடுவதில் வல்லவர். அவர் பாடியதையும் பழங்கதை கூறியதையும் பேத்தி தன் தந்தையின் செல்பேசியில் அவ்வப்போது பதிந்து வைத்திருக்கிறாள். பாட்டியார் மறைந்து ஓராண்டு நிறைகின்றது. நினைவு நாளில் உறவினர் கூடும்போது, நாற்பது துண்டுகளாகக் கிடக்கும் அக்காட்சிகளை இருபது மணித்துளிப் படமாக்கிக் காட்ட வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். வீட்டில் 8 ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினி ஒன்று உள்ளது. தந்தையின் கையில் உள்ள பணமோ அடுத்த நடவுக்கு உரியது.

“அப்பா, நகரத்தில் மணவிழாப் படம் எடுக்கும் அண்ணன் விலை உயர்ந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறாராம். நமக்கும் அதுவே வேண்டும்” என்கிறாள் மகள்.

“அவருக்கு அது பிழைப்பு, அம்மா. மாதந்தோறும் அதனால் வருவாய் வருகிறது. மாதந்தோறும் அதற்குக் கட்டணமும் கட்டுகிறார். உனக்கு வேண்டியது என்ன? அதை முதலில் ஒரு தாளில் எழுது” என்கிறார் தந்தை.

மகள் எழுதுகிறாள். துண்டுகளை வெட்டி ஒட்ட வேண்டும். பாட்டியாரின் மெல்லிய குரலைச் சற்று உயர்த்த வேண்டும். இடையே கேட்கும் மின்விசிறியின் இரைச்சலைக் குறைக்க வேண்டும். பாட்டின் சொற்களைப் படத்தின் அடியில் தமிழில் காட்ட வேண்டும். இவ்வளவே. வானில் பறக்கும் மாய உருவங்களும் கண்ணைப் பறிக்கும் வண்ண வித்தைகளும் அந்தத் தாளில் இல்லை. தாளில் இல்லாதவற்றுக்கு விலை கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. வினையைத் தெரிதல் என்பது இதுவே.

அடுத்து அறிய வேண்டியது கணினியின் வலிமை. அசையும் படம் கணினிக்கு எத்துணைப் பெரிய சுமை என்பதை ஒரு சிறு கணக்கினால் உணரலாம். முழு உயர் தெளிவுப் படத்தில் ஒவ்வொரு தனிப்படமும் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்டது. அதாவது, ஒரு தனிப்படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் ஒரு தனிப்படத்திற்கு 62,20,800 பைட்டுகள் ஆகும். ஒரு நொடிக்கு 25 தனிப்படங்கள் ஓடுமாயின் நொடிதோறும் 15 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகளைக் கணினி கையாள வேண்டும். ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 560 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய சுமையைச் செல்பேசி எங்ஙனம் சுமக்கிறது? அது படத்தைச் சுருக்கி எழுதுகிறது. முதல் தனிப்படத்தை முழுமையாக எழுதி, பின்வருவனவற்றில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துச் செல்கிறது. 2003-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய எச்.264 என்னும் முறை இத்தகையதே. இதனால் இடம் மிச்சமாகிறது. ஆனால், தொகுக்கும் வேலை கடினமாகிறது. நடுவில் உள்ள ஒரு தனிப்படத்தைக் காட்ட வேண்டுமாயின், கணினி முன்னுள்ள படத்திற்குச் சென்று, மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, அப்படத்தை உருவாக்க வேண்டும். வலிமை குறைந்த கணினியில் படம் திக்கித் திக்கி ஓடுவதற்குக் காரணம் இதுவே. இதனை அறியாதார், மென்பொருள் பழுது என்று எண்ணி வேறொன்றை வாங்குகின்றனர். நோய் ஓரிடம் இருக்க மருந்து வேறிடம் இடுவது போன்றது அது.

இக்குறைக்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. ப்ராக்ஸி என்று வழங்கும் முறைப்படி, பெரிய காட்சிகளுக்குப் பதிலாகச் சிறிய படிகளை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். அச்சிறு படிகளை வைத்துத் தொகுத்து முடித்தபின், இறுதிப் படத்தை மட்டும் மூலக் காட்சிகளிலிருந்து அது ஆக்கித் தரும். சிற்பி சிறு மண்ணுருவில் வடிவத்தைத் திருத்திக்கொண்டு பெருங்கல்லில் செதுக்குவது போன்றது இது. ஆதலின், மென்பொருளைத் தேர்வோர் இவ்வசதி அதில் உண்டா என்று தவறாது பார்த்தல் வேண்டும். எளிய கணினி உடையோர்க்குப் பளபளப்பான பல வசதிகளைக் காட்டிலும் இவ்வொன்றே மிகுதியாகப் பயன்படும்.

மென்பொருள்கள் வேண்டும் வலிமையும் ஒருபடித்தானதன்று. ஷாட்கட் என்னும் மென்பொருளை ஆக்கியோர், உயர் தெளிவுப் படத்திற்கு 8 ஜி.பி. நினைவகமும், அதனினும் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்திற்கு 16 ஜி.பி. நினைவகமும் வேண்டும் என்று அறிவித்துள்ளனர். டாவின்சி ரிசால்வ் என்பதோ 16 ஜி.பி. நினைவகத்தோடு, வலிமை மிக்க வரைகலைச் செயலியையும் எதிர்பார்க்கிறது. பின்னது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இரு காளைகள் பூட்டிய வண்டியில் யானை இழுக்கும் தேக்குமரத்தை ஏற்றலாகாது.

வினையும் வலியும் அறிந்தபின் விலையைப் பற்றி எண்ணலாம். விலை மூவகைப்படும். ஒரு முறை பணம் கொடுத்து வாங்குவது ஒரு வகை. ஆப்பிள் நிறுவனம் 2011-இல் தன் பைனல் கட் புரோ மென்பொருளின் புதிய பதிப்பை 299.99 டாலருக்கு இவ்வகையில் விற்றது. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்துவது இரண்டாம் வகை. அடோபி நிறுவனம் 2013 முதல் பிரீமியரின் புதிய பதிப்புகளை இவ்வகையில் வழங்கி வருகிறது. பணமே கொடுக்காமல் பெறுவது மூன்றாம் வகை.

சந்தா என்பது தொடக்கத்தில் சிறிதாகத் தோன்றும். மாதம் 500 ரூபாய் என்று கொள்க. ஆண்டுக்கு 6,000 ரூபாயும் ஐந்தாண்டுக்கு 30,000 ரூபாயும் ஆகிவிடும். நாள்தோறும் தொகுத்து வருவாய் ஈட்டுவோர்க்கு அது முதலீடு. ஆண்டுக்கு இருமுறை படம் தொகுக்கும் குடும்பத்திற்கோ அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்றிச் செலவுக்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது.

இலவசம் என்னும் சொல்லும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது. சில மென்பொருள்கள் இலவசம் என்று அழைத்து, வேலை முடிந்தபின் படத்தின் மீது தம் பெயரை அழியாத முத்திரையாகப் பொறித்துவிடும். வாட்டர்மார்க் எனப்படும் அதனை நீக்கப் பணம் கேட்கும். சில, குறித்த நாள் வரை இயங்கிப் பின்னர் பூட்டிக்கொள்ளும். ஆகவே, நாற்பது துண்டுகளையும் தொகுத்த பிறகு இதனை அறிந்து வருந்துவதைவிட, முதல் நாளிலேயே அரை மணித்துளிப் படம் ஒன்றைத் தொகுத்து, இறுதிக் கோப்பாக வெளியிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ?

உண்மையாகவே பணம் கேளாத நல்ல மென்பொருள்களும் உள்ளன. ஆப்பிள் கணினி உடையோர்க்கு ஐமூவி உண்டு. விண்டோஸ் 11 கணினியில் கிளிப்சாம்ப் என்பது இடம்பெற்றுள்ளது. ஆயின், அது இணைய இணைப்பைப் பெரிதும் நாடுவது. டாவின்சி ரிசால்வை 2009-இல் தன்னதாக்கிக்கொண்ட ஆஸ்திரேலிய நிறுவனமாகிய பிளாக்மேஜிக் டிசைன், 2011 முதல் அதன் ஒரு பதிப்பை இலவசமாக அளித்து வருகிறது. திரைத்துறையினர் கையாளும் கருவியின் பெரும்பகுதி அவ்வாறு எவர்க்கும் கிட்டுகிறது.

இவற்றின் வேறானவை கட்டற்ற மென்பொருள்கள். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் தொடங்கிய இயக்கத்தின் பயனாக வளர்ந்த கொள்கை இது. ஒரு மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் மூலத்தைக் கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் சாரம். ஊர்ப் பொதுக் குளத்தைப் பலர் கூடித் தூர் வாரி, அனைவரும் நீர் கொள்வதைப் போல, உலகின் பல பகுதியினர் கூடி இவற்றை ஆக்கிக் காத்து வருகின்றனர். 2002-இல் தொடங்கப்பெற்ற கேடன்லைவ், 2008-இல் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஷாட், மேலே கூறிய ஷாட்கட் ஆகியவை இவ்வகையின. இம்மூன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் இயங்குவன. இவற்றுள் கேடன்லைவும் ஷாட்கட்டும் ப்ராக்ஸி வசதியும் உடையன.

தமிழில் எழுத்துப் பொறிக்க விரும்புவோர் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்றும் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் கால் அதன் பின்னும் நிற்க வேண்டும். தமிழெழுத்தின் இவ்வமைப்பை அறியாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிவிடும். ஆதலின், ‘கொற்கை’, ‘பௌர்ணமி’ போன்ற சில சொற்களைத் தலைப்பாக இட்டுப் பார்த்து, எழுத்துகள் சரியாகத் தோன்றினால் மட்டுமே அம்மென்பொருளைக் கொள்ள வேண்டும். ஆயிரம் வசதிகள் இருப்பினும், பாட்டியின் பாட்டைத் தமிழில் எழுதிக் காட்ட மாட்டாத கருவியால் அவ்வுழவர் இல்லத்திற்குப் பயன் யாது?

இனி, விலை மிக்க மென்பொருளின் பூட்டை உடைத்துத் திருட்டுப் படியாகத் தருவோரும் உளர். “ஐம்பது ரூபாய் கொடுங்கள், ஆயிரக்கணக்கில் விலையுள்ளதை ஏற்றித் தருகிறேன்” என்று கடைக்காரர் ஒருவர் கூறக்கூடும். அதற்கு இணங்குதல் பிறர் உழைப்பைக் கவர்தலே ஆகும். அறத்தை ஒருபுறம் வைத்து ஆதாயத்தை மட்டும் எண்ணினாலும் அது நட்டமே. பூட்டை உடைத்தவன் உள்ளே எதனை வைத்தான் என்பதை யார் அறிவார்? அத்தகைய படிகளோடு நச்சு நிரல்கள் புகுந்து, கணினியில் உள்ள கோப்புகளை அழிப்பதும் பூட்டி வைத்துப் பணம் பறிப்பதும் உண்டு. ஐம்பது ரூபாயை மிச்சமென்று எண்ணியவர் பாட்டியாரின் குரலையே இழக்க நேரிடலாம். இலவச மென்பொருளையும் அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும்.

அவ்வீட்டு மகள் தன் தாளையும் கணினியின் வலிமையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஷாட்கட்டை இறக்கி, சிறு துண்டு ஒன்றைத் தொகுத்துச் சோதிக்கிறாள். எழுத்துகள் சிதறவில்லை, முத்திரை எதுவும் விழவில்லை, ப்ராக்ஸி முறையால் காட்சி தடையின்றி ஓடுகிறது. முதல் இரண்டு நாட்கள் தடுமாறுகிறாள். மூன்றாம் நாள் கை பழகிவிடுகிறது. தந்தையின் கையில் இருந்த பணம் நடவுக்கே செல்கிறது. நினைவு நாளில் கூடிய உறவினர் எந்த மென்பொருளால் தொகுத்தாய் என்று அவளைக் கேட்பதில்லை. “அத்தை பாடியது அப்படியே கேட்கிறதே!” என்று கண் கலங்குகின்றனர்.

படம் முடிந்தபின்னும் கடமை ஒன்று எஞ்சி நிற்கிறது. மென்பொருள்கள் நிலையானவை அல்ல. 2000-ஆம் ஆண்டில் விண்டோஸோடு வந்து பல இல்லங்களில் பயன்பட்ட மூவி மேக்கர் என்னும் மென்பொருளை அதனை அளித்த நிறுவனம் 2017 சனவரியில் நிறுத்திவிட்டது. ஒரு மென்பொருளில் சேமித்த தொகுப்புக் குறிப்பைப் பிறிதொரு மென்பொருள் பெரும்பாலும் படித்தறிய மாட்டாது. ஆகையால், முடிந்த படத்தை எங்கும் இயங்கும் எம்பி4 போன்ற பொது வடிவில் வெளியிட்டு வைத்தல் வேண்டும். அதனோடு நில்லாமல், மூலக் காட்சிகளையும் அழிக்காமல் தனி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, வேறோர் உறவினர் இல்லத்திலும் ஒரு படியைக் காத்தல் நன்று. தொகுப்பு மென்பொருள் மாறலாம், கணினியும் மாறலாம், மூலக் காட்சி இருக்குமாயின் எந்தக் காலத்திலும் மீண்டும் தொகுக்கலாம். அது அழிந்துவிடின் விலை உயர்ந்த மென்பொருளும் கைகட்டி நிற்கும்.

மலிவு என்பது குறைந்த விலை மட்டும் அன்று. வேண்டிய பணியைச் செய்து, உள்ள கணினியில் இயங்கி, கையிருப்பைக் கரைக்காமல், நேர்மைக்கும் இழுக்கு வாராமல் உதவும் கருவியே மலிவானது. அத்தகைய கருவியைத் தேடுவோர் பிறர் கையில் உள்ளதைப் பார்த்து மயங்குவதில்லை. தம் வினையையும் தம் வலியையும் பார்த்துத் தெளிகின்றனர். கருவியைத் தேர்வதில் இவ்வாறு பழகிய அறிவு, பின்னாளில் தொழிலையும் நண்பரையும் தேரும்போதும் அவர்களுக்குத் துணை நிற்கும்.